முக்கொம்பில் கூடுவோம், தோழர்களே!

2018 ஆகஸ்ட் 22ஆம் தேதி இரவு முக்கொம்பில் கொள்ளிடத்தின் மேலணை உடைந்தது. அடுத்தடுத்து ஒன்பது மதகுகள் ஆற்றோடு போயின. மதகுகளுக்கு மேலே இருந்த பாலமும் சேர்ந்து விழுந்தது. இந்தக் கரை முக்கொம்புக்கும் அந்தக் கரை வாத்தலைக்கும் சைக்கிளிலும் பைக்கிலும் போய்வந்துகொண்டிருந்த சனங்கள் மறுநாள் காலையிலிருந்து ஊரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். நல்லவேளை, உயிர்ப்பலி இல்லை என்று எல்லாரும் பெருமூச்சு விட்டார்கள். அத்தோடு அந்த விஷயத்தையும் விட்டுவிட்டார்கள்.

இன்று அங்கே புதிய கதவணை நிற்கிறது. ரூ.387.60 கோடி மதிப்பிலான வேலை. பார்க்கக் கம்பீரமாக இருக்கிறது, படம் எடுக்க வசதியாக இருக்கிறது. அணையை ஒட்டிய பூங்காவில் ஊஞ்சல் ஆடுகிறது, ஞாயிற்றுக்கிழமை ஆனால் கூட்டம் சேர்கிறது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நம்பிவிடத் தோன்றும். நம்பாதீர்கள் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். பழைய அணையை எது சாய்த்ததோ அது இன்னும் ஆற்றை விட்டுப் போகவில்லை. அது மறுபடி வந்தால் முதலில் கண்ணில் படவேண்டிய இடம் முக்கொம்புப் பூங்கா. அங்கே இத்தனை ஆயிரம் பேர் வந்துபோகிறோம். ஆனால் ஆற்றைப் பார்ப்பவர் எத்தனை பேர்? பூங்காவை நாம் நம் பொறுப்பில் எடுத்துக்கொள்ள வேண்டும். பூட்டை உடைக்கப் போகிறோமோ என்று யாரும் பதற வேண்டாம். அது ஏற்கெனவே நம்முடையதுதான், கணக்குக் கேட்கத்தான் ஆளில்லை.

தெரியாத தோழர்களுக்காக இடத்தைச் சொல்லிவிடுகிறேன். திருச்சியிலிருந்து கரூர்ச் சாலையில் சுமார் 18 கிலோமீட்டர், ஜீயபுரம் தாண்டி. ரயிலில் வருபவர்கள் எலமனூரில் இறங்கலாம். அகண்டு வரும் காவிரி இங்கேதான் இரண்டாகப் பிரிகிறது. தெற்கே போவது காவிரி, வடக்கே போவது கொள்ளிடம். நடுவில் கிடக்கும் நீண்ட தீவில்தான் ஸ்ரீரங்கமும் திருவானைக்காவலும் இருக்கின்றன. சுமார் 30 கிலோமீட்டர் கீழே, கல்லணைக்குப் பக்கத்தில் அந்தத் தீவு முடிகிறது. தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை என்று கீழே கிடக்கும் வயல்களில் பெரும்பங்குக்குப் போகிற தண்ணீர் இந்தப் பிரிவில் தென்பக்கம் திரும்பியாக வேண்டும். வெள்ளம் வந்தால் மிச்சத்தை வடபக்கம் கொள்ளிடம் வாங்கிக்கொண்டு கடலுக்குப் போகவேண்டும். டெல்டாவின் தொண்டைக்குழி இது. சென்னைத் தோழர்களே, உங்களுக்கும் இதில் பங்குண்டு. கொள்ளிடத்தில் இறங்கும் நீர் கீழணைக்குப் போய், வடவாற்றில் திரும்பி, வீராணம் ஏரியை நிரப்பி, அங்கிருந்து 2004 முதல் குழாய் வழியே உங்கள் வீட்டுக்கு வருகிறது.

இந்த இடத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அதை அறியாமல் இந்தப் போராட்டத்துக்கு வருவது வீண். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

கொள்ளிடம் நேராகவும் சரிவாகவும் ஓடுகிற ஆறு. காவிரி வளைந்து நெளிந்து மெதுவாகப் போவது. தண்ணீர் எப்போதும் பள்ளத்தைத் தேடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காவிரியின் வாயில் மணல் மேடிட்டு, வந்த நீரில் பெரும்பங்கு கொள்ளிடத்துக்கே போய்க்கொண்டிருந்தது. தஞ்சைச் சீமை காய்ந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு உழவன் காய்வது பற்றி அவ்வளவு கவலை இருந்ததாகத் தெரியவில்லை. வயல் காய்ந்தால் தீர்வை வராதே, அந்தக் கவலைதான். அந்தக் கவலையைத் தீர்க்க வந்தவர் ஆர்தர் காட்டன் என்ற இளம் பொறியாளர். 1803இல் பிறந்தவர், பதினாறு வயதில் மதராஸ் பொறியாளர் படையில் சேர்ந்தவர். கொள்ளிடத்தின் தலைப்பில் குறுக்கே ஓர் அணை வைத்துத் தண்ணீரைக் காவிரிப் பக்கம் தள்ளுவது அவருடைய திட்டம். 1836இல் முக்கொம்பில் மேலணை எழுந்தது. அதே ஆண்டு கீழே அணைக்கரையில் கீழணையும் எழுந்தது. வேலை எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே பலித்தது. சில ஆண்டுகளில் காவிரிப் பக்கம் நீர் மிகுந்துபோய், அணையின் நடுப்பகுதியை மறுபடி தாழ்த்த வேண்டியதாயிற்று. ஆற்றோடு வேலை செய்பவர்களுக்கு இது புரியும். ஆறு ஒருமுறை சொன்ன விடையை மறுமுறை சொல்வதில்லை.

காட்டனை நான் தேவனாக்க வரவில்லை. அந்த ஆட்சி உறிஞ்சிய வரிக்கு அவருடைய அணைகளும் துணைபோயின. ஆனாலும் ஒன்றை அவருக்குக் கொடுத்தே ஆகவேண்டும். அடி காணாத ஆற்று மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையைத் தம்மவர்கள் இந்நாட்டுப் பழைய அணை கட்டியவர்களிடமிருந்து கற்றதாக அவரே ஒப்புக்கொண்டார். கல்லணையைத்தான் சொன்னார். கரிகாலன் பேரில் வழங்கும் அந்த அணை 1,079 அடி நீளம். பாறை இல்லாத ஆற்றில், மணலின் மேல் பெருங்கற்களைப் போட்டு, அவை தாமே அமிழ்ந்து நிலைக்கும்படி விட்டு, அதன்மேல் கட்டிய அணை. லண்டனில் படித்த வித்தைக்கு முன்னால் இங்கே மண்ணில் படித்த வித்தை நின்றது. அதை ஒரு கம்பெனிக்காரர் ஒப்புக்கொள்ள நேர்ந்தது நமக்குப் பெருமைதான். ஆனால் அந்தப் பெருமைக்குரியவர்களின் பெயர் ஒன்றுகூட நம்மிடம் இல்லை. கல் உடைத்தவன் யார், சுண்ணாம்பு அரைத்தவள் யார், இடுப்பளவு நீரில் நின்று கொரம்பு என்ற தற்காலிகத் தடுப்பைப் போட்டவன் யார்? ஒரு பெயரும் இல்லை. இருப்பதெல்லாம் ஒரு சட்டம். 1858இல் மதராஸ் அரசு கட்டாய உழைப்புச் சட்டம் என்று ஒன்று போட்டது. கரை உடையும்போது ஊர் சனங்கள் வந்து உழைக்க வேண்டும், குடிமராமத்து முறைப்படி செய்யவேண்டிய வேலையைச் செய்யத் தவறினால் தண்டம். வெள்ளைக்காரன் நம்முடைய வழக்கத்தை எடுத்துத் தண்டனைச் சட்டமாக்கினான். நம்முடைய ஆட்சிகள் குடிமராமத்தைத் திட்டத்தின் பெயராக்கின. ஊரார் சேர்ந்து ஆற்றைப் பார்த்துக்கொள்வது என்ற பழைய பொருளை இரண்டு பேரும் தொலைத்துவிட்டார்கள்.

இப்போது உடைந்த கதைக்கு வருவோம்.

2018 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து நொடிக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் கன அடி தண்ணீர் வந்தது. அதில் நம்பர் ஒன் டோல்கேட்டுக்கும் திருவானைக்காவலுக்கும் நடுவே கொள்ளிடத்தில் 1928இல் கட்டிய பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சாய்ந்தன. சில நாள் கழித்து மேலணை. வெள்ளம் உச்சத்தில் இருந்தபோது நின்ற மதகுகள், வெள்ளம் இறங்கத் தொடங்கிய பிறகு விழுந்தன. இந்த ஒரு செய்தியை மட்டும் மனத்தில் வையுங்கள். மேலேயிருந்து மோதிய வெள்ளம் தள்ளி விழுந்த அணை இல்லை இது. கீழேயிருந்து பிடி விட்டு விழுந்த அணை.

அணை பழையது, 182 வயது, அதனால் விழுந்தது என்றார்கள் ஆட்சியில் இருந்தவர்கள். மணல் அள்ளியதால் விழுந்தது என்றார்கள் விவசாயிகள். வயதுதான் காரணம் என்றால் கல்லணை எப்போதோ போயிருக்க வேண்டும். அதே 1836இல் பிறந்த கீழணையும் போயிருக்க வேண்டும். இரண்டும் நிற்கின்றன. இரண்டுக்கும் அவ்வப்போது பழுதுபார்த்தார்கள் என்பது உண்மைதான், அப்படியானால் மேலணைக்கு என்ன ஆயிற்று என்று கேட்க வேண்டாமா?

மணல் எப்படி அணையைச் சாய்க்கும் என்று கேட்கும் தோழர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். மணலின் மேல் நிற்கும் அணைக்கு இருபுறமும் இருக்கும் மணல்தான் பிடிப்பு. அணைக்குக் கீழே ஆற்றின் தரையைத் தோண்டத் தோண்ட, மதகு தாண்டி விழும் தண்ணீர் முன்னைவிட ஆழத்தில் விழுகிறது. அந்த வேகத்தில் தரை இன்னும் அரிக்கிறது. அணையின் முன்னால் போட்டிருக்கும் கல்தளத்தைப் பொறியாளர்கள் ஏப்ரன் என்பார்கள், அதன் ஓரம் வெளியே தெரியத் தொடங்கும். பிறகு அடியில் ஊற்று புகும், ஊற்றோடு மணல் வெளியேறும், தூணின் கால் வெற்றிடத்தில் தொங்கும். மேலே பாலத்தில் நின்று ஐஸ் தின்பவனுக்கு எதுவும் தெரியாது. இன்னொன்றும் கவனியுங்கள். குவாரிக்கு அனுமதி கொடுத்த இடம் அணையிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளித்தானே என்பார்கள். ஆற்றில் ஓரிடத்தில் விழுந்த பள்ளம் அங்கேயே நிற்காது. ஒவ்வொரு வெள்ளத்திலும் மேல்நோக்கி நகரும்.

2003இல் தமிழ்நாட்டில் ஆற்று மணலை அரசே விற்கத் தொடங்கியது. விற்கும் பொறுப்பு யாரிடம் போனது தெரியுமா? பொதுப்பணித் துறையிடம். அப்போது அணையைக் காத்த துறையும் அதுவேதான். காவலாளியிடமே கடைச் சாவியையும் கொடுத்த ஏற்பாடு இது, எந்த ஆட்சி வந்தாலும் மாறவில்லை. பிறகு நீர்வளத் துறை என்று தனியாகப் பிரித்தார்கள், மணலும் கூடவே போயிற்று. 2023இல் மணல் வழக்கில் அமலாக்கத் துறை ஐந்து மாவட்ட ஆட்சியர்களுக்கு அழைப்பாணை அனுப்பியது. மாநில அரசு நீதிமன்றம் போனது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஆட்சியர்கள் ஆஜராகத்தான் வேண்டும் என்றது. டெல்லியின் விசாரணை அமைப்புகளுக்கு உள்நோக்கம் இருக்கலாம், அதை நானும் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஐந்து மாவட்டங்களின் பட்டியலைப் படித்துப் பாருங்கள்: வேலூர், கரூர், திருச்சி, தஞ்சாவூர், அரியலூர். ஒன்றைத் தவிர நான்கும் காவிரி, கொள்ளிடக் கரை மாவட்டங்கள். அரசியலைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் ஆறு மிச்சமிருக்கிறது.

இந்த இடத்தில் சில தோழர்கள் கேட்பார்கள் என்று தெரியும். மேகதாதுவில் அணை வரப்போகிறது, காவிரி ஆணையம் கூடுகிறது கலைகிறது, குறுவைக்குத் தண்ணீர் வருமா வராதா என்று உழவன் வானத்தைப் பார்க்கிறான், இந்த நேரத்தில் பூங்கா, மரபு என்று பேசுவது வேலையற்ற வேலை இல்லையா? இல்லை. கர்நாடகத்திடம் நாம் கேட்டு வாங்குகிற ஒவ்வொரு டி.எம்.சி.யும் முக்கொம்பைக் கடந்துதான் கீழே போகவேண்டும். எல்லைக்கு அப்பால் தண்ணீருக்காகச் சண்டை போட்டுவிட்டு, எல்லைக்கு இப்பால் அந்தத் தண்ணீர் ஓட ஆறு இல்லாமல் செய்தால் நம்மைப் பார்த்து அவர்கள் சிரிக்கமாட்டார்களா? சொல்லப்போனால், சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இனிப் பூங்காவைப் பற்றிப் பேசுவோம்.

ஆடிப் பெருக்கன்று முக்கொம்பைப் பார்த்தவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. விடிவதற்குள் பெண்கள் வந்துவிடுவார்கள். காப்பரிசி, பழம், காதோலை கருகமணி, மஞ்சள் கயிறு. புது மணமக்கள் தாலி பிரித்துக் கோத்துக்கொள்வார்கள். குழந்தைகள் தெருவெல்லாம் சப்பரம் இழுத்துவிட்டு வருவார்கள். பிறகு மர நிழலில் புளியோதரையும் தேங்காய்ச் சோறும். காணும் பொங்கலன்றும் இதே கூட்டம்தான். டிக்கெட் வாங்கி ஏசியில் உட்கார வசதியில்லாத குடும்பத்துக்கு இந்த மாவட்டத்தில் ஒருநாள் போக்கிடம் இது. மரம் உண்டு, காற்று உண்டு, வறுத்த மீன் உண்டு. வேறென்ன வேண்டும்? ஐப்பசி முதல் நாள் பக்கத்திலேயே திருப்பராய்த்துறையில் துலா முதல் முழுக்கு. கடைமுழுக்குக்கு மயிலாடுதுறை போகவேண்டும். காவிரிக் கரை முழுவதையும் ஒரே மாதத்தில் கட்டிவைக்கும் சடங்கு இது. இதில் எனக்கு நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்பதை விடுங்கள். நம்பிக்கையுள்ள லட்சம் பேர் ஆற்றுக்கு வருகிறார்கள். அவர்களை ஆற்றைக் காக்கும் வேலைக்கு அழைக்காத இயக்கம், எந்த வண்ணக் கொடி பிடித்தாலும், சனங்களோடு இல்லை.

அந்தச் சனங்களுக்கு அங்கே என்ன சொல்லித்தரப்படுகிறது? பூங்காவில் பத்துப் பேரை நிறுத்திக் கேட்டுப் பாருங்கள். எது காவிரி, எது கொள்ளிடம் என்று காட்டச் சொல்லுங்கள். உடைந்த மதகு எங்கே இருந்தது என்று கேளுங்கள். பதில் வராது, அது அவர்கள் குற்றமும் இல்லை. ஆந்திரத் தோழர்கள் தவளேஸ்வரத்தில் என்ன செய்திருக்கிறார்கள் பாருங்கள். கோதாவரி அணைக்குப் பக்கத்தில் காட்டனுக்கு அருங்காட்சியகம், சிலை, பிறந்தநாள் மாலை. அளவுக்கு மீறிய பக்தி என்று எனக்குத் தோன்றுவதுண்டு. ஆனால் அந்தக் குழந்தைகளுக்குத் தங்கள் தண்ணீர் எங்கிருந்து திரும்புகிறது என்று தெரியும். 2022இல் பன்னாட்டுப் பாசன, வடிகால் ஆணையம் தவளேஸ்வரம் அணையையும் நம்முடைய கீழணையையும் உலகப் பாசன மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. கீழணைக்குப் பட்டம் கிடைத்தது. கூடப் பிறந்த மேலணை அதற்கு நான்கு ஆண்டு முன்னாலேயே ஆற்றோடு போயிருந்தது.

ஆகவே முதல் கோரிக்கை: பழைய மேலணையில் எஞ்சியிருப்பது எதுவானாலும், ஒரு தூணானாலும், ஒரு கல்லானாலும், ஒரு இரும்புச் சக்கரமானாலும், அது இரும்புக் கடைக்குப் போகக் கூடாது. பூங்காவுக்குள் வரவேண்டும். எப்படிக் கட்டினார்கள், எப்படி ஷட்டரை ஏற்றி இறக்கினார்கள், எப்படி விழுந்தது என்று ஐந்தாம் வகுப்புக் குழந்தைக்குப் புரியும் தமிழில் எழுதி வைக்க வேண்டும். விழுந்த கதையை மறைக்காமல் எழுத வேண்டும். தமிழ்நாடு மரபு ஆணையச் சட்டம் 2012லேயே நிறைவேறியது. அதை உயிர்ப்பிக்கவே ஆண்டுகள் பல பிடித்தன. அந்தச் சட்டம் கோயிலுக்கும் அரண்மனைக்கும் மட்டும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. உழவனின் மரபு அணையும் வாய்க்காலும்தான். திருச்சி நகருக்குள் ஓடும் உய்யக்கொண்டான் ராஜராஜன் காலத்து வாய்க்கால், அதில் நகரம் என்ன விடுகிறது என்று நம் எல்லாருக்கும் தெரியும். முக்கொம்பில் ஒரு வெற்றி கிடைத்தால் அடுத்தது அங்கே.

இன்னொரு செல்வம் வீடுகளில் கிடக்கிறது. திருச்சி மாவட்டத்தில் முக்கொம்பில் எடுத்த படம் இல்லாத குடும்ப ஆல்பம் அபூர்வம். கல்யாணமான புதிதில், பிள்ளைக்கு மொட்டை அடித்தபோது, பள்ளியில் சுற்றுலா வந்தபோது. எல்லாப் படத்திலும் முன்னால் மனிதர்கள், பின்னால் பழைய மதகுகள். அந்தக் குடும்பங்கள் தங்களை அறியாமல் ஓர் அணையின் வரலாற்றைப் பதிவு செய்து வைத்திருக்கின்றன. தேதி தெரிந்த ஒவ்வொரு படமும் அந்த வருடம் அணையின் கால் எவ்வளவு மணலுக்குள் இருந்தது, எவ்வளவு வெளியே தெரிந்தது என்று காட்டும். வழக்கு மன்றத்தில் எந்த நிபுணர் அறிக்கைக்கும் குறையாத சாட்சி அது. அம்மாவின் பீரோவைத் திறந்து அந்தப் படங்களை எடுத்து வாருங்கள். பிரதி எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிடுவோம். கரையோர ஊர்களில் ஓய்வுபெற்ற லஸ்கர்கள் இருக்கிறார்கள். வெள்ளத்து இரவில் கைவலிக்கச் சக்கரம் சுற்றி ஷட்டர் ஏற்றியவர்கள். அவர்கள் சொல்வதைப் பதிவு செய்யுங்கள். அவர்களுக்கு வயதாகிறது, தோழர்களே. இதைத் தள்ளிப்போட முடியாது.

இரண்டாவது, பூங்கா ஏழைகளின் பூங்காவாகவே இருக்க வேண்டும். அழகுபடுத்துகிறோம் என்று வந்து மீன் கடைக்காரம்மாவையும் கொய்யாப்பழக் கூடையையும் விரட்டுவதை நாம் பல ஊர்களில் பார்த்திருக்கிறோம். நுழைவுக் கட்டணத்தை ஏற்றி, தனியாருக்குக் குத்தகை விட்டு, கண்ணாடிப் பாலம் போடுகிறோம் என்ற பேச்சு எப்போது வேண்டுமானாலும் கிளம்பலாம். கிளம்பும்போது தடுக்க ஆள் வேண்டும். மேலூரில் வனத்துறை போட்ட வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இருக்கிறது, நல்லது, அதற்கு டிக்கெட் வாங்கிப் போகிறவர்கள் போகட்டும். முக்கொம்பு வேறு.

மூன்றாவது கோரிக்கையைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. 2023 அக்டோபரில் முக்கொம்புக்கு வந்த ஒரு சிறுமியிடம் அத்துமீறியதாகக் கைதானவர்கள் காவலர்கள். அந்தப் பிள்ளை பூங்காவுக்கு வந்ததே தப்பு என்று பேசிய வாய்களும் நம்மூரில் இருந்தன. ஆற்றங்கரை ஆணுக்கு மட்டும் எழுதி வைத்த சொத்தா? விளக்கு, சுத்தமான கழிப்பறை, பெண் காவலர், புகார் சொல்ல ஓர் இடம், இவையெல்லாம் வேண்டும். இவற்றோடு பெண் தோழர்கள் கூட்டமாக அங்கே இருப்பதும் வேண்டும். ஆள் புழங்கும் இடத்தில்தான் அச்சம் குறையும்.

இவ்வளவையும் யார் செய்வது? நாம்தான். எப்படி என்றும் சொல்லிவிடுகிறேன்.

ஆடி 18 அன்று காலை முக்கொம்புக்கு வாருங்கள். கொடி, ஒலிபெருக்கி வேண்டாம். சனங்கள் சாமி கும்பிட வந்திருப்பார்கள், அவர்கள் நாளில் நாம் கூச்சல் போடக் கூடாது. மரத்தடியில் உட்காருங்கள், பக்கத்துக் குடும்பத்தோடு சோறு பகிருங்கள், ஆறு எப்படிப் பிரிகிறது என்று அவர்கள் குழந்தைக்குக் காட்டுங்கள். அணை விழுந்த கதையைச் சொல்லுங்கள். ஆற்றில் இறங்குபவர்களை எச்சரியுங்கள். மதகுக்குக் கீழே சுழல் உண்டு, கொள்ளிடத்தில் முதலையும் உண்டு.

அன்று தொடங்கி மாதம் ஒருமுறை, ஒரே இடத்தில் நின்று, ஒரே தூணின் காலைப் படம் எடுங்கள். கைபேசி போதும். புதிய கதவணை, கல்லணை, கொள்ளிடத்து நேப்பியர் பாலம், ரயில் பாலம் என்று ஊருக்கு ஒரு தூணை எடுத்துக்கொள்ளுங்கள். வருடம் முழுவதும் எடுத்த படங்களை வரிசையாக வைத்தால் ஆறு இறங்குகிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். பூங்காவில் இருக்கும் ஒவ்வொருவரும் ஆற்றின் காவல்காரர் ஆவது என்றால் இதுதான். 2018க்கு முன் பத்துப் பேர் இப்படிச் செய்திருந்தால் மேலணை விழுவதற்கு முன் கையில் ஆதாரம் இருந்திருக்கும்.

தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தில் மனுப் போடுங்கள். பூங்காவில் ஆண்டுக்கு எவ்வளவு வசூல், எவ்வளவு செலவு? பழைய மேலணையின் இரும்பும் கல்லும் எங்கே, யாருக்கு விற்றீர்கள்? முக்கொம்பிலிருந்து கல்லணை வரை ஆற்றின் தரைமட்டத்தைக் கடைசியாக எப்போது அளந்தீர்கள், அளவு என்ன? முப்பது நாளில் பதில் தரவேண்டும். தராவிட்டால் மேல்முறையீடு. ஒருவர் போட்டால் குப்பைக்குப் போகும், ஐம்பது பேர் போட்டால் கோப்பு அசையும்.

வெள்ளம் வந்தால் முதலில் மூழ்குபவர்களை மறக்காதீர்கள். கொள்ளிடம் கடலைத் தொடுகிற இடத்தில் நாதல்படுகை, முதலைமேடு திட்டு, வெள்ளமணல் என்று ஆற்றுக்குள்ளேயே ஊர்கள் இருக்கின்றன. முக்கொம்பில் மதகு தூக்கினால் அங்கே அடுப்பு அணைகிறது. அந்த ஊர்த் தோழர்களோடு பேசுங்கள். மேலே இருப்பவனுக்கும் கீழே இருப்பவனுக்கும் தொலைபேசித் தொடர்பு இருந்தால் பாதி ஆபத்து குறையும்.

ஆடி 18 முடிந்து இரண்டு வாரத்துக்குள் ஆகஸ்ட் 15 வருகிறது. அன்று ஒவ்வொரு ஊராட்சியிலும் கிராம சபை. ஜீயபுரம் தொடங்கிக் கொள்ளிடத்தின் கடைசித் திட்டு வரை இரு கரையிலும் உள்ள ஊராட்சிகளில் ஒரே தீர்மானம் வரவேண்டும்: அணைகளுக்கும் பாலங்களுக்கும் அருகே மணல் குவாரி கூடாது, ஆற்றின் தரைமட்டத்தை ஆண்டுதோறும் அளந்து ஊருக்குப் படித்துக் காட்ட வேண்டும், மேலணையின் எச்சங்களை முக்கொம்புப் பூங்காவில் காக்க வேண்டும். வாசகத்தை முந்தின வாரமே எழுதி ஊராட்சிச் செயலரிடம் கொடுத்துக் கையொப்பம் வாங்குங்கள். ஆள் போதவில்லை, குறைவெண் இல்லை என்று சபையைக் கலைக்கப் பார்ப்பார்கள், நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களை முன்கூட்டியே அழைத்து உட்கார வையுங்கள். இது நம் அதிகாரத்தில் வராது என்பார்கள், வரும் என்று சொல்லுங்கள். தீர்மானப் பதிவேட்டில் ஏறிய பிறகு, அதன் நகலைக் கையில் வாங்காமல் ஒருவரும் கலையாதீர்கள்.